பழைய அடித்தளத்திற்குச் சிறு பைல்களின் துணை

சாந்தன்பாறை போன்ற ஏலமலை ஊர்களில் சமநிலம் அரிது. ஆகவே, சரிவின் மேற்பக்கத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்பி, அத்தளத்தின்மீது வீடு கட்டுவதுண்டு. வெட்டிய பக்கம் உறுதியாக நிற்கும். நிரப்பிய பக்கமோ மழைநீர் ஊறியதும் அமிழும். ஒரே கட்டடத்தின் இரு பகுதிகள் இவ்வாறு வெவ்வேறு அளவில் இறங்குவதால் சுவரில் சாய்வான வெடிப்புகள் தோன்றுகின்றன.

கட்டடத்தை இடிக்காமலே அடித்தளத்தை வலுப்படுத்தும் முறையொன்றை இத்தாலியப் பொறியியலறிஞர் பெர்னாண்டோ லிட்சி 1952-இல் உருவாக்கினார். போரில் சேதமுற்ற பழங்கட்டடங்களுக்கு அது பெரிதும் பயன்பட்டது. 300 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள துளைகளை அடித்தளத்தின் ஊடாகவே இட்டு, தளர்ந்த மண்ணைக் கடந்து உறுதியான அடுக்கை அடைவர். துளையில் எஃகுக் கம்பியை நிறுத்திச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்துவர். அது இறுகியபின் கட்டடத்தின் பாரம், பைலுக்கும் அதனைச் சூழ்ந்த நிலத்திற்கும் இடையேயுள்ள உராய்வின் வழியாக ஆழத்திற்குச் செல்கிறது. துளையிடும் பொறி சிறியது, அதிர்வும் குறைவு. ஆதலால் வெடித்த சுவரின் அருகிலும் வேலை செய்யலாம்.

எனினும், மலைச்சரிவே நகருமாயின் வீட்டின்கீழ் இட்ட சில பைல்கள் அதனைத் தடுக்கமாட்டா. 2018 ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி மாவட்டத்தின் பல சரிவுகள் சரிந்து உயிர்களைக் கொண்டன. எனவே நிலத்தை முதலில் ஆராய்தல் வேண்டும். வெடிப்பின் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டை இட்டுத் தேதி எழுதி வைத்தால், அது உடைவதைக்கொண்டு அசைவு தொடர்வதை அறியலாம். வீட்டிற்கு மேலுள்ள சரிவிலும் புதிய பிளவு காணப்படின், முதற்கடமை வீட்டாரை வெளியேற்றுவதே. சரிவு நிலைத்திருந்து அடித்தளம் மட்டும் அமிழ்ந்திருப்பின், மழைநீருக்கு வடிகால் அமைத்தபின் பைல் இடுதல் முறையாகும்.