பூ விழுந்த லைட்டுக்குப் பார்வை வருகிறது!

கோமாரியில், அக்கரைப்பற்று – பொத்துவில் ரோட்டோரம் ஒரு சின்ன கராஜ். தகரக் கூரைக்குக் கீழே பழைய விட்ஸ் கார் ஒன்று. கண்ணில் பூ விழுந்த மாதிரி இரண்டு ஹெட்லைட்டிலும் மஞ்சள் படலம். அது தெளியப்போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது!

கராஜ்காரர் பாஸ், லைட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார். 800ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை வாளியில் நனைத்துத் தேய்க்கிறார். அந்தத் தண்ணீரைப் பார்க்கணுமே! மஞ்சளாய்க் குழம்பி பம்பரில் வழிகிறது. அது அழுக்கில்லை, வெயிலில் கெட்டுப்போன பிளாஸ்டிக். ஹெட்லைட் மூடி பொலிகார்பனேட்டால் ஆனது. கல் பட்டாலும் லேசில் உடையாது. புறஊதாக் கதிருக்கு மட்டும் தாங்காது. அதற்காகவே கம்பனியில் மேலே காப்புப் பூச்சுப் போட்டு அனுப்புகிறார்கள். பூமத்தியரேகையிலிருந்து 7 பாகை தள்ளியிருக்கும் நம்ம ஊர் வெயில் அந்தப் பூச்சைத் தின்றுவிடுகிறது. கடற்காற்று அள்ளிவரும் மணல் மிச்சத்தைக் கீறுகிறது.

"இப்ப பாருங்க தம்பி" என்று துணியால் துடைத்தார். ஐயோ, முன்னைவிட மோசம்! ஒரே வெள்ளை மங்கல். பாஸ் சிரித்துக்கொண்டு ஒரு கை தண்ணீரைத் தெளித்தார். அடடா, சட்டென்று தெளிந்துவிட்டது! காய்ந்ததும் மறுபடி மங்கல். கீறல்களைத் தண்ணீர் நிரப்பும்போது ஒளி சிதறுவதில்லை, அவ்வளவுதான். பிறகு 1500, 2000, 3000 என்று பேப்பர் நைசாகிக்கொண்டே போகிறது. கடைசியில் கொம்பவுண்ட் போட்டு பஃபிங். உள்ளே ரிஃப்ளெக்டர் மினுங்குகிறது!

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பற்பசை வைத்தியமும் இதோடு சரி. ஆனால் காப்புப் பூச்சுத்தான் முழுதாகப் போய்விட்டதே! அப்படியே வெயிலில் விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள். பாஸ் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியரில் ஹாட்னர் கலந்து அடித்தார். தண்ணீர் கொஞ்ச நேரம் செய்த வேலையை இந்தக் கிளியர் நீண்ட காலம் செய்கிறது. என்னைக் கேட்டால், மொத்த வேலையின் உயிரே இந்தப் பூச்சில்தான்.

அமெரிக்காவின் டிரிபிள் ஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் சோதித்தபோது, கெட்டுப்போன மூடிகள் புதிய லைட்டின் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவையே வெளியே விட்டன. சுத்தம் செய்ததும் அது 70 வீதம் வரை ஏறியது. இராவில் மாடுகள் படுத்திருக்கும் நம்ம ரோட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதுவும், 2020 முதல் 2025 வரை இலங்கையில் தனியார் வாகன இறக்குமதியே நின்றிருந்ததால் பழைய வண்டிகள்தான் இங்கே அதிகம் ஓடுகின்றன.

வண்டியின் முகம் நிழலில் இருக்கும்படி நிறுத்துங்கள். லைட்டைப் பெற்றோலால் துடைக்கவே வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும். பொலிஷுக்குக் காசு கொடுக்குமுன், "கடைசியில் கிளியர் அடிப்பீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.