காசநோயும் சென்னை ஆய்வும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. அச்செல்வத்தைக் கவரும் நோய்களுள் காசநோய் கொடியது. எலும்புருக்கி என்றும் சயம் என்றும் மக்கள் அதனை அழைத்தனர். உழைக்கும் பருவத்தினரை அது பெரிதும் பற்றுவதால், ஒருவர் நோயுறின் ஒரு குடும்பமே வருவாயிழந்து வாடும்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்பதை 1882 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள் செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் உலகிற்கு அறிவித்தார். நோயாளர் இருமும்போது காற்றிற் கலக்கும் நுண்துளிகளின் வழியே அக்கிருமி பிறரைச் சென்று சேர்கின்றது. தக்க மருந்து காணப்படாத அக்காலத்தில் தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே மருந்தாகக் கருதப்பட்டன. அவற்றை அளிக்கவே சானடோரியம் எனப்படும் மருத்துவ இல்லங்கள் எழுந்தன. தாம்பரத்தில் 1928 இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய இல்லம் அத்தகையது.

ஆனால் நோயாளர் தொகையோ பெரிது. படுக்கைகளோ மிகச் சில. பழனியை அடுத்த ஆயக்குடியில் கொய்யாத் தோப்பிற் கூலிவேலை செய்யும் ஒருவர் அந்நாளில் நோயுற்றார் எனக் கொள்வோம். ஓராண்டுக் காலம் தொலைவிலுள்ள சானடோரியத்தில் அவர் தங்கினால் மனைவி மக்களைக் காப்பவர் யார்? தங்காது இல்லத்திலேயே இருந்தால் அவர் நோய் தீருமா? அவர்தம் மக்களுக்கும் நோய் தொற்றாதா? ஏழை நாடுகள் அனைத்தின் முன்னும் நின்ற வினாக்கள் இவை.

இவற்றிற்கு விடை காணவே 1956 இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியன அதில் இணைந்து பணியாற்றின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். சென்னையின் ஏழை மக்களுள் நோயுற்ற 193 பேர் ஆய்விற்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். மருத்துவரின் விருப்பிற்கு இடந்தராமல், சீட்டுக் குலுக்கினாற்போல அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் இல்லத்திலும் மற்றவர் சானடோரியத்திலும் ஒரே வகை மருந்துகளை ஓராண்டு உண்டனர். சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் கிடைத்தன. இல்லத்திலோ குறைந்த உணவும் நெருக்கடியுமே இருந்தன. மருந்து முறையாக உண்ணப்படுகின்றதா என்பதைப் பணியாளர் முன்னறிவிப்பின்றி இல்லங்களுக்குச் சென்று கண்டறிந்தனர்.

முடிவுகள் 1959 இல் வெளியாயின. ஓராண்டின் இறுதியில் நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். இல்லத்தில் 86 பேர். வேறுபாடு சிறிதே. இல்லத்தில் மருந்துண்டவரோடு வாழ்ந்த குடும்பத்தாரிடையே நோய் மிகுதியாகத் தோன்றவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வுகளாற் புலனாயிற்று. மருந்து கிருமிகளை விரைந்து குறைத்ததே அதற்குக் காரணம் ஆகும்.

ஒருவர் உடலை மட்டும் நோக்காது, மக்கட்கூட்டத்தில் நோய் எவரை, எங்கே, எதனாற் பற்றுகின்றது என எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் கலையே நோய்ப்பரவலியல். பலரை ஒப்பிட்டு நோக்கியதனாலன்றோ நெடுநாள் நிலவிய ஒரு கருத்து மாறியது! 1962 இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இல்லச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளும் இவ்வழியை மேற்கொண்டன. அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் சென்னையில் விளங்குகின்றது.

இதனால் உணவு வேண்டா என்பது பொருளன்று. நோயாளரின் குடும்பத்தார்க்கு ஊட்டமான உணவுப் பொருள்களை அளித்தால் அவர்களிடையே நோய் தோன்றுவது பெரிதும் குறையும் என்பதைச் சார்க்கண்டு மாநிலத்தில் நடைபெற்று 2023 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது.

இன்று அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கு மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. பெரும்பாலோர்க்கு ஆறு திங்கள் மருந்தே போதும். ஆயினும் நலம் தோன்றியவுடன் மருந்தை இடையில் நிறுத்துவோர் உடலிற் கிருமிகள் மருந்திற்கு அடங்காதனவாய் மாறக்கூடும். இரண்டு வாரங்கட்கு மேல் இருமல் நீடிப்பின் கோழையைச் சோதித்தல் கடமையாகும். நோயை மறைத்தல் தன்னையும் சுற்றத்தையும் கெடுக்கும். நோயாளரை ஒதுக்குதல் அவரை மறைக்கத் தூண்டும். எனவே மருந்தோடு அன்பும் சேர்ந்தாலன்றி இந்நோய் நாட்டை விட்டு நீங்காது.