‘கண்டனூர்’ ஏன் கிடைக்கவில்லை?

கோலாலம்பூரில் இருக்கும் அம்மான், ஊருக்கு வரும் நாளை மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். “அம்மான் என்னைக்கு வாராகன்னு பார்த்துச் சொல்லப்பா” என்கிறார் ஆயா. நீங்கள் தேடல் பெட்டியில் ‘கண்டனூர்’ என்று தட்டுகிறீர்கள். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. அஞ்சல் வந்தது நிச்சயம். அதில் ஊர்ப் பெயர் இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கிறது. பிறகு ஏன் இப்படி?

கணினி சொன்னதை முழுதாக விரித்துப் பார்த்தால் இவ்வளவுதான்: “என்னிடம் உள்ள பட்டியலில், நீ கொடுத்த எண் வரிசை இல்லை.” பட்டியல், எண் வரிசை என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேடல் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான்.

முதலில் பட்டியல். செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், கடைக் கணக்கை இரண்டு ஏடுகளில் எழுதினார்கள். அன்றன்று நடந்த வரவு செலவு, நடந்த வரிசையிலேயே ஓர் ஏட்டில் ஏறும். பிறகு அதே கணக்கைப் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கமாகப் பெயர்த்து எழுதுவார்கள். ஒருவர் வந்து “என் கணக்கு எவ்வளவு நிற்கிறது?” என்று கேட்டால் நாள்வாரி ஏட்டை முதலிலிருந்து புரட்ட வேண்டியதில்லை. பேரேட்டில் அவருடைய பக்கத்தைத் திறந்தால் போதும். கண்டனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அப்படிப்பட்ட ஏடு ஒன்றைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம்.

மின்னஞ்சல் மென்பொருளும் இதையே செய்கிறது. வந்த அஞ்சல்கள் தேதி வரிசையில் கிடக்கும். அதோடு, யாருக்கும் தெரியாமல் பின்னணியில் ஒரு பேரேட்டையும் அது எழுதிக்கொண்டே இருக்கும். இந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் ஓர் ஆளுக்கு அல்ல, ஒரு சொல்லுக்கு. ‘கல்யாணம்’ என்ற பக்கத்தைத் திறந்தால், அந்தச் சொல் எந்தெந்த அஞ்சலில் வருகிறது என்று அங்கே எழுதியிருக்கும். இதைச் சொல்லடைவு என்போம், கணினிக்காரர்கள் இன்டெக்ஸ் என்பார்கள். ஆயிரக்கணக்கான அஞ்சல்களில் ஒரு சொல்லைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துத் தர முடிவது இதனால்தான். தேடும்போது அது அஞ்சல்களைப் படிப்பதே இல்லை, அடைவை மட்டும் பார்க்கிறது.

நாள்வாரி ஏட்டில் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்ற மறந்த கணக்கைப் பேரேட்டில் தேடினால் கிடைக்குமா? கணினியிலும் அப்படித்தான். அடைவு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கலாம். அடைவுக் கோப்பு பழுதாகியிருக்கலாம். அஞ்சல் இப்போதுதான் வந்து இன்னும் ஏறாமல் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க அருமையான சோதனை ஒன்று உண்டு. தேடலை விட்டுவிட்டு, வந்த அஞ்சல்களின் வரிசையைக் கையாலேயே தள்ளித் தள்ளி அம்மானின் அஞ்சலைக் கண்டுபிடியுங்கள். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் வேறொரு சொல்லை, ‘வெள்ளிக்கிழமை’ என்று வைத்துக்கொள்வோம், எடுத்து அதைத் தேடிப் பாருங்கள். அந்த அஞ்சல் வந்துவிட்டால் அடைவு நன்றாக இருக்கிறது, கோளாறு ‘கண்டனூர்’ என்ற சொல்லில்தான். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அந்த அஞ்சல் மட்டும் வரவில்லை என்றால், அது பெரும்பாலும் அடைவில் ஏறாததாகவே இருக்கும். நோயை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தள்ளிவிடும் இந்த முறையை மருத்துவர்களும் பொறியாளர்களும் நாள்தோறும் கையாள்கிறார்கள்.

அடைவில்தான் கோளாறு என்றால் அதை அழித்துப் புதிதாக எழுதச் சொல்லலாம். விண்டோஸில் பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக் பயன்படுத்தினால் ‘இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ரீபில்ட்’ என்ற பொத்தான் இருக்கிறது. தண்டர்பேர்டில், மென்பொருளை மூடிவிட்டு அடைவுக் கோப்பை நீக்கினால், அடுத்த முறை திறக்கும்போது தானே புதிதாக எழுதிக்கொள்ளும். அடைவு போனாலும் அஞ்சல்கள் போகாது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், தவறிப்போய் வேறு கோப்பை நீக்கிவிடக் கூடாது.

எந்த இடத்தில் தேடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ‘ஸ்பேம்’, ‘குப்பை’ இரண்டுக்குள்ளும் அது எட்டிப் பார்க்காது. கைபேசிச் செயலிகள் சில, கடைசி சில வாரங்களின் அஞ்சலை மட்டுமே இறக்கி வைத்திருக்கும், பழையதை அங்கே தேடிப் பயனில்லை. அழைப்பிதழைப் படமாக இணைத்து அனுப்பியிருந்தால், படத்துக்குள் இருக்கும் எழுத்து பல மென்பொருள்களுக்கு வெறும் புள்ளிக் கூட்டம்.

இனி எண்கள். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைத்தான் சேமிக்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அப்படி எண் கொடுத்த முறை யுனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழும் அதில் இருந்தது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு. அதன்படி ‘கண்டனூர்’ கணினிக்குள் இப்படி இருக்கிறது:

க 2965, ண 2979, புள்ளி 3021, ட 2975, ன 2985, ஊகாரக் குறி 3010, ர 2992, புள்ளி 3021.

இலக்கண வகுப்பில் எண்ணினால் ஐந்தெழுத்து. கணினிக்கு எட்டு எண்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறோம் அல்லவா, அந்தப் புள்ளிக்குத் தனியாக ஓர் எண் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அம்மான் எழுதிய வரியைப் பாருங்கள்: “கண்டனூருக்கு வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவேன்.” ‘கண்டனூருக்கு’ என்ற சொல்லில் முதல் ஏழு எண்கள் அப்படியே இருக்கின்றன. எட்டாவது இடத்தில் புள்ளியின் 3021 இல்லை, உகரக் குறியின் 3009 இருக்கிறது. தேடிய எட்டு எண்கள் அங்கே இல்லாததால், கணினி நேர்மையாக ‘இல்லை’ என்றது.

தமிழில் பெயர்ச்சொல் பல வேளைகளில் தனியாக நிற்பதில்லை. கண்டனூரில், கண்டனூரிலிருந்து, கண்டனூரை என்று வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும். ஒட்டும்போது கடைசிப் புள்ளி மறைந்துவிடும். அதனால் தேடும்போது அந்தப் புள்ளியை நீங்களே எடுத்துவிடுங்கள். ‘கண்டனூர்’ என்று தட்டி, பின்னழிப்பு விசையை ஒரு முறை தட்டினால் பெரும்பாலான கருவிகளில் புள்ளி மட்டும் போய் ‘கண்டனூர’ என்று நிற்கும். பார்க்க அரைகுறையாக இருந்தாலும், அந்த ஏழு எண்கள் மேலே சொன்ன எல்லா வடிவங்களுக்கும் பொதுவான தொடக்கம். சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடும் மென்பொருளாக இருந்தால் எல்லாம் வந்து விழும். ‘புதுவயல்’ தேட வேண்டுமா? ‘புதுவயல’ என்று கொடுங்கள். ‘காரைக்குடி’க்கு இந்த வேலையே வேண்டாம், அதன் இறுதியில் புள்ளி இல்லை. ‘மரம்’ என்றால்? மரத்தில், மரத்தை என்று மகரமே போய்விடுகிறது. அங்கே ‘மர’ வரைக்கும்தான் பொது.

சில மென்பொருள்கள் முழுச்சொல் பொருந்தினால்தான் எடுத்துத் தரும். அவற்றில் ‘கண்டனூருக்கு’, ‘கண்டனூரில்’ என்று வடிவம் வடிவமாகத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொற்களின் ஈற்று ஒட்டுகளை வெட்டிவிட்டு வேரைத் தேடும் வழியை 1980-இலேயே மார்ட்டின் போர்ட்டர் என்பவர் வெளியிட்டார். தமிழில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஒட்டுகள் வருவதால், நம் சொற்களுக்கு அந்த வேலை இன்னும் கடினம். நன்றாகச் செய்ய இடமும் நிறைய இருக்கிறது.

அடுத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு வித்தியாசம். பக்கத்து ஊர் கோட்டையூர். ரோஜா முத்தையா செட்டியார் பல்லாயிரம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்த ஊர். அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னையில் 1994 முதல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ‘கோட்டையூர்’ என்பதன் முதலெழுத்தைக் கணினியில் இரண்டு வழிகளில் எழுதலாம். க 2965, அதன்பின் ஓகாரக் குறி 3019 என்று இரண்டே எண்களில் முடிப்பது ஒரு வழி. க 2965, இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று மூன்றாகப் பிரித்து வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ‘கோ’தான், பூதக்கண்ணாடி வைத்தாலும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது யுனிகோடு விதி. நல்ல மென்பொருள் தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அப்படிச் செய்யாத மென்பொருளில் ஒரு நூலகப் பட்டியலை இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டியிருந்தால், தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகங்கள் கண்ணிலேயே படாது.

ஔவையாரிடமும் இதே சங்கடம். ‘ஔ’ என்ற ஓரெழுத்தின் எண் 2964. அதற்குப் பதிலாக ஒ 2962, ள 2995 என்று இரண்டெழுத்தாகத் தட்டுகிறவர்கள் நிறையப் பேர். யுனிகோடு விதிப்படியும் இவை வேறு வேறுதான், மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ‘காரைக்குடி’யில் காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டினாலும் இதே கதை: கால் 3006, ர 2992. சந்தேகம் வந்தால், கிடைக்காத சொல்லை அஞ்சலிலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தட்டினால் வராதது ஒட்டினால் வருகிறது என்றால், எழுத்து மாறியிருக்கிறது என்று உறுதி.

பழைய அஞ்சல்களில் இன்னொரு தடை உண்டு. யுனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதினார்கள். அவற்றில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் எண்கள். அங்கே தமிழ் எண்களைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதை முதலில் யுனிகோடாக மாற்றியாக வேண்டும். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொடர்புப் பட்டியலுக்கு வருவோம். செட்டிநாட்டில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துச் சொல்வது பெயருக்கு முன்னால் வரும் விலாசம். ‘ராம.அழகப்பன்’ என்று ஒரு கற்பனைப் பெயரை இடைவெளி விடாமல் பதிந்துவிட்டு, ‘அழகப்பன்’ என்று தேடிப் பாருங்கள். சில மென்பொருள்களில் வராது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் புள்ளி வந்தால் சொல்லை உடைக்கக் கூடாது என்று யுனிகோட்டில் ஒரு விதி இருக்கிறது. அதைப் பின்பற்றும் மென்பொருளுக்கு ‘ராம.அழகப்பன்’ முழுவதும் ஒரே சொல், அது ‘ரா’வில் தொடங்குகிறது. புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுப் பதிந்தால் பிரச்சினை தீர்ந்தது.

அதே பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்தால் ஒருவர் ‘ழ’வுக்கு ‘எல்’ போடுவார், இன்னொருவர் ‘இசட் எச்’ போடுவார். ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்றார். முதலெழுத்தை வைத்துக்கொண்டு, மற்ற மெய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒலிக்குத் தக்கபடி எண் கொடுத்து, உயிர்களை விட்டுவிடுவது இன்று வழங்கும் அதன் வடிவத்தின் வழி. ‘கண்டனூர்’ என்பதன் ஊகாரத்துக்கு ‘யு’ போட்டாலும் இரண்டு ‘ஓ’ போட்டாலும் அதில் கே535 என்றே வரும், இரண்டும் ஒன்றாகிவிடும். அழகப்பனுக்கு மட்டும் ‘எல்’ போட்டால் ஏ421, ‘இசட் எச்’ போட்டால் ஏ221. ஆங்கிலப் பெயர்களின் ஒலியை நினைத்துச் செய்த முறைக்கு நம் ழகரம் பிடிபடவில்லை. ஆகவே ஆங்கிலத்தில் பதிகிறவர்கள் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் தமிழிலும் பெயரை எழுதி வைப்பது நல்லது.

தொலைபேசி எண்ணிலும் கவனம் வேண்டும். காரைக்குடி வட்டாரக் குறியீடு 04565. வெளிநாட்டிலிருந்து அழைக்கிறவர் முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு +91 4565 என்று பதிந்திருப்பார். பூஜ்யத்தோடு தேடினால் அகப்படாமல் போகலாம். எண்ணின் கடைசிப் பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை என்றால், மென்பொருளைச் செய்தவர்களுக்கு எழுதுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் ‘கருத்து அனுப்பு’ என்று ஓர் இடம் இருக்கும். “தேடல் வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அஞ்சலில் இருந்த சொல், நீங்கள் தட்டிய சொல், வந்த விடை, எந்தக் கருவி, மென்பொருளின் எந்தப் பதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். ‘கண்டனூர்’ என்று தட்டினால் ‘கண்டனூர்’ உள்ள அஞ்சல் கிடைக்கிறது, ‘கண்டனூருக்கு’ உள்ள அஞ்சல் கிடைக்கவில்லை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், திரையைப் படம் பிடித்து இணையுங்கள். தமிழ் தெரியாத ஒரு பொறியாளர் தொலைவில் எங்கோ உட்கார்ந்து, நம் புள்ளி எப்போது மறையும் என்பதை உங்கள் கடிதத்திலிருந்துதான் தெரிந்துகொள்ளப் போகிறார்.