மீன்கடையின் பின்கதவு

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் ஒரே மீனுக்கு இரண்டு பெயர் காதில் விழும். கடைக்காரர் "தோரா, தோரா" என்று கூவுவார். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் "தம்பி, அறக்குளா என்ன விலை?" என்பார். சென்னை விருந்தாளியும் கூட வந்திருந்தால் வஞ்சிரம் என்று மூன்றாவதும் வரும். இதெல்லாம் கடையின் முன்பக்கம். பின்கதவால் நுழைந்து பார்க்கலாம், வாருங்கள்!

கொம்பனித்தெருவின் மலாய் வீடுகளில் மீனுக்குப் பெயர் இக்காங். ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களையும் கைதிகளையும் கப்பலேற்றியபோது வந்திறங்கிய சொல் அது. 1708இல் மூன்றாம் அமங்குராட் என்ற ஜாவா அரசரையே இங்கே நாடு கடத்தினார்கள்.

அந்தச் சொல்லின் சொந்தபந்தம் இருக்கிறதே, அப்பப்பா! மலேசியாவில் இக்கான். பிஜியிலும் நியூசிலாந்து மாவோரிகளிடமும் இக்கா. நியூசிலாந்தின் வடதீவுக்கே, புராண நாயகன் மாவுயியை வைத்து, மாவோரியில் 'மாவுயியின் மீன்' என்றுதான் பெயர். சமோவாவிலும் ஹவாயிலும் நடுவிலிருந்த 'க' தொண்டைக்குள் சிக்கி, இ-அ என்று ஒரு விக்கலாகிவிட்டது. ஏதோ தற்செயல் என்று நினைக்காதீர்கள். ஹவாய்க்காரர் பழைய 'க' எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கினார்கள். காலியான இடத்தில் 'த'வைக் கூட்டிவந்து 'க' ஆக்கினார்கள். அதனால் சமோவாவின் அத்துலே மீன் ஹவாயில் அக்குலே. இப்படிப்பட்ட விதிகளைப் பின்னோக்கி ஓட்டித்தான் மொழியியலாளர்கள் மூதாதைச் சொல்லை மீட்கிறார்கள்: ஹிக்கான்.

கொழும்பில் அது இன்னொரு வேலை செய்தது. கடைசி 'ன்' 'ங்' ஆனது போதாதென்று, தமிழோடு பழகிப் பழகி வேற்றுமை உருபும் பிடித்துக்கொண்டது. மீனுக்கு என்றால் இக்காங்நாங். வினைச்சொல் நம்மைப்போலவே வாக்கியத்தின் கடைசியில். மலேசியாக்காரர் கேட்டால் தலை சுற்றும்.

நம் மீன் மட்டும் சும்மா இருந்ததா? சமஸ்கிருதத்துக்குள் போய் 'மீன' ஆனது. அங்கிருந்த மத்ஸ்ய என்ற சொல்லின் வழியில் வந்ததுதான் மாலைதீவின் மஸ். அதை அவித்து, புகைபோட்டு, விறகுபோல இறுகும்வரை வெயிலில் காயவைத்து அனுப்பினார்கள். கொட்டாஞ்சேனை வீடுகளில் அதை உரலில் போட்டு இடிக்கிறார்களே, அந்த மாசிதான்! மாசிச் சம்பலில் மாசி மாலைதீவுச் சரக்கு, சம்பல் மலாய்ச் சொல். மாசி சீனிச் சம்பலிலும் விழும். அந்தச் சீனி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இனிச் சீனாவுக்கு அல்லவா கப்பலேற வேண்டும்!