கப்பலில் வந்த பெட்டியும் கையெழுத்திடும் சீட்டும்

கடல்வழியாகச் சரக்குப் பெறுதல் வணிகருக்கு மட்டுமே உரிய காரியமன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகள் தாய் தந்தையருக்கு அனுப்பும் பெட்டிகளும் கப்பலேறியே கொழும்புத் துறைமுகத்தை வந்தடைகின்றன. வந்த பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருப்பின், அல்லது வராமலே போய்விடின், யாது செய்வது?

கப்பற் கொம்பனி முழு நட்டத்தையும் ஈடுசெய்யும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. 1924ஆம் ஆண்டிற் பிரசெல்ஸ் நகரில் வகுக்கப்பெற்று, 1968இல் திருத்தப்பெற்ற ஹேக் விதிகளைப் பல நாடுகள் ஏற்றுள்ளன. இலங்கையும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏற்றது. அவற்றின்படி கடலிடராலோ, மாலுமிகள் கப்பலைச் செலுத்துவதில் விட்ட பிழையாலோ, கொம்பனியின் சொந்தக் குற்றமின்றி மூண்ட தீயாலோ நேரும் நட்டத்துக்குக் கொம்பனி பொறுப்பன்று. பொறுப்பேற்க நேர்ந்தாலும், பொதிக்கு இவ்வளவு, நிறைக்கு இவ்வளவு என்ற வரம்பு உண்டு. எனவே காப்புறுதி இன்றியமையாதது.

சரக்குக் காப்புறுதியில் ஏ, பீ, சீ என மூன்று வகைகள் வழக்கிலுள்ளன. 'ஏ' வகை மிக விரிந்தது. 'சீ' வகை தீ, மூழ்குதல், மோதுதல் போன்ற பெருவிபத்துகளையே கருதும். களவுக்கு அதில் ஈடில்லை. சரியாகக் கட்டப்படாத பெட்டியால் வந்த சேதத்தை எவ்வகையும் ஏற்காது.

பழுதுபடாத பெட்டிக்கும் காப்புறுதி உதவுவதுண்டு. ஆபத்திலிருந்து கப்பலையும் சரக்கையும் காக்கச் செய்த செலவைச் சரக்குடையோரும் பங்கிடுதல் பழைய கடல் வழக்கு. 2021 மார்ச்சில் சுயெஸ் கால்வாயில் ஆறு நாள் தரைதட்டி நின்ற 'எவர் கிவன்' கப்பலின் உரிமையாளரும் இவ்வழக்கையே கையாண்டனர். இத்தகைய வேளையிற் பிணை கொடுத்த பின்னரே பெட்டியை மீட்கலாம். காப்புறுதி இருப்பின், அப்பிணையைக் காப்புறுதிக் கொம்பனி கொடுக்கும்.

இனி, பெட்டி கைக்கு வரும் வேளை. பிள்ளை அனுப்பியது வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியிற் சீட்டைப் படியாமற் கையெழுத்திடுவோர் பலர். பெட்டியைச் சுற்றிப் பார்த்து, உடைவோ ஈரமோ காணப்பட்டால் அதனைச் சீட்டிலேயே எழுதிய பின்னர்தான் கையெழுத்திடல் வேண்டும். உள்ளே மறைந்திருந்த சேதமாயின் 3 நாட்களுக்குள் கப்பற் கொம்பனிக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தவறினால், பொருள் நல்ல நிலையிற் கையளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்; அதனை மறுத்து நிரூபிக்கும் பாரம் நம்மீது விழும். ஓராண்டுக்குள் வழக்குத் தொடராவிடின் உரிமையே அற்றுப்போகும்.

காப்புறுதிக் கொம்பனிக்கும் உடனே அறிவித்து, நட்ட மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை உடைந்த பொருளையும் பெட்டியையும் எறிந்துவிடாது வைத்தல் வேண்டும். ஆயினும் நனைந்தவற்றைப் பிரித்து உலர்த்தி மேலும் கெடாது காப்பது நமது கடமை. காப்புறுதிப் பத்திரம், பொருட்பட்டியல், விலைச்சிட்டை, கப்பற் சரக்குச் சீட்டு, மதிப்பீட்டறிக்கை ஆகியவற்றுடன் கோரிக்கையை அனுப்புக. ஈடு தந்த காப்புறுதிக் கொம்பனி, நமது உரிமையைக் கொண்டே கப்பற் கொம்பனியிடம் பணங்கோரும். நமது அசட்டையால் அவ்வுரிமை கெட்டால் நமக்குக் கிடைக்கும் ஈடும் குறையக்கூடும்.

அனுப்பும் பிள்ளைகளுக்கும் இதனை எழுதுதல் நன்று. பெட்டியை ஒப்படைக்கும்போதே காப்புறுதி எவ்வகையது, எவர் பெயரில் உள்ளது என்று கேட்டறிந்து, பொருட்பட்டியலின் பிரதியொன்றை வீட்டுக்கு அனுப்பட்டும். பெட்டி வருமுன் அப்பட்டியல் வந்து சேர்தல் வேண்டும்.