பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா?

நம் நாட்டில் மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. இந்தக் காருக்குப் பெட்ரோல் வேண்டாம். டீசல் வேண்டாம். இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றலாம். காலையில் ஓட்டலாம். ஓட்டும் செலவும் குறைவு.

ஆனால் புதுக் காரின் விலை அதிகம். அதனால் பலர் பழைய காரைத் தேடுகிறார்கள். சொந்தமாக டாக்சி ஓட்டிப் பிழைக்க நினைப்பவர்களும் தேடுகிறார்கள். சிலர் நகையை அடகு வைக்கிறார்கள். சிலர் கடன் வாங்குகிறார்கள். அது பல வருட உழைப்பில் சேர்ந்த பணம். அது வீணாகப் போகக் கூடாது அல்லவா?

பழைய கார் விற்பவரின் விளம்பரம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"மின்சாரக் கார். 2021 மாடல். ஒரே ஓனர். ஒரு சார்ஜில் 312 கி.மீ. ஓடும். வேகச் சார்ஜ் வசதி உண்டு. பேட்டரிக்கு 8 வருட வாரண்டி. போனிலேயே ஏ.சி. போடலாம்."

இதில் ஒரு வரிகூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வாங்கியவர் ஏமாந்து போகலாம். அது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர் ஒன்று, கார் பல

மின்சார பில்லில் 'யூனிட்' என்று பார்த்திருப்பீர்கள். காரின் பேட்டரியையும் அதே யூனிட்டில்தான் அளக்கிறார்கள். இதைக் 'கிலோவாட் மணி' என்றும் எழுதுவார்கள். பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. பெரிய தொட்டியில் அதிகம் பிடிக்கும். பெரிய பேட்டரி இருந்தால் அதிக தூரம் ஓடும்.

டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரி 30.2 யூனிட். 2022 மே மாதம் 'நெக்ஸான் மேக்ஸ்' வந்தது. அதன் பேட்டரி 40.5 யூனிட். டாடா டிகோர் மின்சாரக் காரும் இப்படித்தான். 2019 அக்டோபரில் வந்த டிகோரில் 21.5 யூனிட் பேட்டரி. 2021 ஆகஸ்டில் வந்த டிகோரில் 26 யூனிட் பேட்டரி.

வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. விளம்பரத்தில் பெயர் மட்டும் இருக்கும். சிலர் புதிய காரின் வசதிகளை அப்படியே எடுத்துப் பழைய காரின் விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள். வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. தெரியாமல் செய்பவர்களும் உண்டு. எப்படியானாலும் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

முதல் கேள்வி இதுதான்: "இந்தக் காரின் பேட்டரி எத்தனை யூனிட்?"

312 கி.மீ. என்பது என்ன கணக்கு?

அது சோதனைக் கூடத்தில் எடுத்த கணக்கு. அங்கே மேடு பள்ளம் இல்லை. போக்குவரத்து நெரிசல் இல்லை. நம் சாலை அப்படி இல்லை. நாம் ஏ.சி. போடுவோம். நான்கு பேரை ஏற்றுவோம். வேகமாகவும் போவோம். 312 கி.மீ. என்று சொன்ன கார் சாலையில் சுமார் 200 கி.மீ. ஓடும். அதுவும் புதிதாக இருந்தபோது. வருடங்கள் போகப் போகப் பேட்டரியின் சக்தி குறையும்.

உண்மையை நீங்களே கண்டுபிடிக்கலாம். காரில் பேட்டரி சதவீதம் தெரியும். ஓட்டத் தொடங்கும்போது அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்டு 20 கி.மீ. ஓட்டுங்கள். மறுபடி பாருங்கள்.

தொடங்கும்போது 80 சதவீதம். முடிக்கும்போது 70 சதவீதம். 20 கி.மீ. ஓட 10 சதவீதம் செலவாகியிருக்கிறது. அப்படியானால் 100 சதவீதத்துக்கு 200 கி.மீ. இதுதான் உங்கள் கார் ஓடும் தூரம். ஒரு நாளில் உங்களுக்கு எத்தனை கி.மீ. ஓட்ட வேண்டும்? அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேகச் சார்ஜ் என்றால்?

வீட்டில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். 40 யூனிட் பேட்டரி நிரம்ப 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 7 யூனிட் ஏற்றும் பெட்டியை வீட்டுச் சுவரில் மாட்டலாம். அப்போது ஆறு, ஏழு மணி நேரம் போதும். ஆனால் அந்த வேகத்தில் வாங்கிக்கொள்ளும் கருவி காருக்குள் இருக்க வேண்டும். நெக்ஸான் மேக்ஸ் காரை இரண்டு வகையாகவும் விற்றார்கள். 3.3 வகையும் உண்டு. 7.2 வகையும் உண்டு. 3.3 வகைக் காரை வாங்கிவிட்டு 7.2 பெட்டியைச் சுவரில் மாட்டினால் பயன் இல்லை.

சாலையோரச் சார்ஜ் நிலையங்கள் வேறு. அங்கே வேகமாக ஏறும். இப்போது பெரும்பாலும் 'சி.சி.எஸ். 2' என்ற வகைப் பிளக்தான் அங்கே இருக்கிறது. 2019இல் வந்த டிகோரின் பிளக் வேறு வகை. அதை இந்தப் பிளக்கில் செருக முடியாது. அதனால் வாயால் கேட்டால் போதாது. காரை நிலையத்துக்கு ஓட்டிச் சென்று சார்ஜ் போட்டுப் பாருங்கள்.

வாரண்டி யாருக்கு?

8 வருட வாரண்டி என்றால் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து 8 வருடம் அல்ல. காரை முதன்முதல் வாங்கிய நாளிலிருந்து கணக்கு. 2021 ஜூனில் வாங்கிய கார் என்றால் 2029 ஜூனில் முடிந்துவிடும். கி.மீ. கணக்கும் உண்டு. 1,60,000 கி.மீ. என்று எழுதியிருந்தால், எது முதலில் வருகிறதோ அதோடு வாரண்டி முடியும்.

சில புதிய கார்களின் பேட்டரிக்கு 'வாழ்நாள் வாரண்டி' என்று விளம்பரம் வருகிறது. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்சர் அப்படி ஒரு கார். அந்த வாழ்நாள் வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். நீங்கள் இரண்டாவது உரிமையாளர். உங்களுக்கு அது வராது. உங்களுக்கு எவ்வளவு வாரண்டி என்று கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள்.

பேட்டரி யாருடையது?

இது என்ன கேள்வி என்று நினைக்கிறீர்களா? அதே வின்ட்சர் காரை இரண்டு விதமாக விற்றார்கள். முழு விலை கொடுத்தும் வாங்கலாம். 2024இல் 9.99 லட்சம் ரூபாய் கொடுத்து, பேட்டரிக்குத் தனியாக வாடகை கட்டவும் முடிந்தது. அப்போது வாடகை கி.மீ.க்கு 3.50 ரூபாயாக இருந்தது. மாதம் 2,000 கி.மீ. ஓடினால் 7,000 ரூபாய்.

பழைய கார் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறோம். பேட்டரிக் கடன் பாக்கி இருந்தால்? ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் தீர்ந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

போன் வசதி

போனில் ஏ.சி. போடும் வசதி பழைய உரிமையாளரின் கணக்கில் இருக்கும். சந்தா முடிந்திருக்கலாம். கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, உங்கள் போனில் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

எழுதி வாங்குங்கள்

பேச்சு காற்றோடு போகும். எழுத்து நிற்கும். விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். போனில் வந்திருந்தால் படம் எடுத்து வையுங்கள். பிறகு இப்படி ஒரு தாளில் எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள்:

காரின் பதிவு எண்: ..........
முதலில் பதிவான தேதி: ..........
பேட்டரி அளவு: .......... யூனிட்
வீட்டுச் சார்ஜ்: மணிக்கு .......... யூனிட்
வேகச் சார்ஜ்: உண்டு / இல்லை
பேட்டரி வாரண்டி முடியும் தேதி: ..........
பேட்டரிக் கடன் அல்லது வாடகை: உண்டு / இல்லை
காரோடு தரும் சார்ஜ் வயர்: உண்டு / இல்லை
"மேலே உள்ளவை உண்மை."
விற்பவர் கையெழுத்து, தேதி: ..........

கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சில நூறோ, சில ஆயிரமோ செலவாகலாம். பல லட்சம் போவதைவிட அது மேல்.

கையெழுத்துப் போட மறுக்கிறாரா? அவசரப்படுத்துகிறாரா? "இன்றே பணம் கொடுத்தால்தான் இந்த விலை" என்கிறாரா? எழுந்து வந்துவிடுங்கள். வேறு கார் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. தவறான விளம்பரம் செய்வது குற்றம். முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம்தான். பழைய கார் வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்சி என்றாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

வியாபாரியாக இல்லாமல், தன் சொந்தக் காரை ஒருவர் விற்கலாம். அவர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். அங்கே உங்களுக்குத் துணை அந்தக் கையெழுத்துத் தாள்தான்.

யோசியுங்கள், எழுதுங்கள்

1. ஒரு கார் 15 கி.மீ. ஓட 10 சதவீதம் சார்ஜ் செலவாகிறது. முழுச் சார்ஜில் எத்தனை கி.மீ. ஓடும்?
2. 2022 மார்ச்சில் முதன்முதல் வாங்கிய காருக்கு 8 வருட வாரண்டி. அது எப்போது முடியும்?
3. உங்கள் ஊரில் பழைய வண்டி வாங்கியவர் யாராவது இருக்கிறார்களா? சொன்னதும் கிடைத்ததும் ஒன்றாக இருந்தனவா? கேட்டு எழுதுங்கள்.