கடல் பயக் கதைகளும் 653-ஆம் எண் ரயிலும்

நாம் வசிக்கும் இந்தத் தார்நாகாவிலிருந்து கடல் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதைத் தவிர, நமக்கும் அலைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியிருக்க, ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் சென்ற மாதம் ஒரு வாரமாக இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. விசாரித்ததில், கடலைப் பற்றிய ஆங்கிலத் திகில் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் படித்திருக்கிறான் என்று தெரிந்தது. "தாத்தா, கடல்ல இருட்டுக்குள்ளேர்ந்து ஒரு குரல் கூப்பிடுது தாத்தா" என்றான். நானும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நானும் இரண்டு நாள் விளக்கை அணைக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவன் சொன்ன கதையை எழுதியவர் வில்லியம் ஹோப் ஹாட்சன் என்ற ஆங்கிலேயர். சிறு வயதிலேயே வணிகக் கப்பலில் வேலைக்குப் போனவர். 1918-இல் முதல் உலகப் போரில் இறந்தார். 1907-இல் அவர் எழுதிய அந்தக் கதையில், பசிபிக் கடலில் காற்றில்லாமல் நின்றுவிட்ட கப்பலை நோக்கி இருட்டில் ஒரு படகு வருகிறது. படகிலிருப்பவன் சாப்பாடு கேட்கிறான். ஆனால் விளக்கை மட்டும் காட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறான். அவனும் அவன் மணக்கவிருந்த பெண்ணும் ஒதுங்கிய தீவு முழுவதும் ஒருவகைப் பூஞ்சைக் காளான். அது மெல்ல மெல்ல அவர்கள் உடம்பிலும் படர்ந்துவிட்டது. கதை இவ்வளவுதான். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. 1963-இல் ஜப்பானியர் இதைத் தழுவி ஒரு திரைப்படமே எடுத்தார்கள்.

இந்த வகைக் கதைகள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகின்றன என்று யோசித்துப் பார்த்தேன். காட்டில் பேய் வந்தால் ஓடலாம், வீட்டில் வந்தால் கதவைச் சாத்தலாம். கடலில் இரண்டுக்கும் வழியில்லை. காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, உதவிக்குக் கூப்பிட்டால் கேட்பதற்கு ஆளும் கிடையாது. எட்கர் ஆலன் போ 1841-இல் எழுதிய கடற்சுழல் கதையிலும் இதே சூத்திரம்தான். சுழலுக்குள் போய் மீண்டவன் ஒரே நாளில் தலை நரைத்துக் கிழவனாகிறான். அவன் தப்பியதற்குக் காரணம் மந்திரமல்ல. எந்த வடிவப் பொருள் மெதுவாக உள்ளே இழுக்கப்படுகிறது என்று கவனித்து, ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு குதித்தான். பொறியியல் படித்தவன் என்ற முறையில் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நம்மவர்கள் இதிலும் பின்தங்கியவர்கள் அல்லர். மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கதை வருகிறதே, அது சுத்தமான கடல் திகில் கதை. பொருளையெல்லாம் சூதில் தொலைத்துவிட்டு வணிகம் செய்யக் கப்பலேறுகிறான். புயலில் கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு மிதந்து, மனிதரைத் தின்னும் நாகர்கள் வாழும் மலைப்பக்கம் கரை ஒதுங்கி, களைப்பில் தூங்கிப்போகிறான். தூங்குகிறவனைச் சுற்றி அவர்கள் நின்றுகொண்டு, நல்ல உணவு கிடைத்தது என்கிறார்கள். அவர்கள் பாஷை அவனுக்குத் தெரிந்திருந்ததால் தப்பினான். வெளியூரில் பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். தெலுங்கு தெரியாமல் நான் 1980-களில் செகந்திராபாத் வந்து இறங்கியபோது சாதுவன் அளவுக்குக்கூட எனக்குத் தயாரிப்பு இல்லை. அதே காப்பியத்தில்தான் மகனைக் கடலில் பறிகொடுத்த சோழ மன்னன் துயரத்தில் இந்திர விழாவை மறக்க, புகார் நகரைக் கடல் கொள்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் ஒரு கடல் பயக் கதை உண்டு. பாலங்களைப் பராமரிக்கும் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் வேலை பார்த்தவன் நான். நம் சங்கத்துப் பொங்கல் விழாக்களிலும் குடும்பச் சுற்றுலாக்களிலும், சாப்பாடு தயாராகும் வரை பிள்ளைகளை உட்கார வைத்துத் தனுஷ்கோடிப் பேய் ரயில் கதையைச் சொல்வது என் வழக்கம். புயலில் மூழ்கிய ரயில், இன்றும் டிசம்பர் இரவுகளில் மணலுக்கடியிலிருந்து விசில் ஊதும் என்று சொல்லி, கைகளைக் குவித்து நானே விசில் ஊதிக் காட்டுவேன். பிள்ளைகள் அலறுவார்கள். நல்ல வரவேற்பு.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் அப்படிச் சொல்லி முடித்ததும், பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் என்னை அருகே அழைத்தார். மகள் வீட்டோடு இருப்பதற்காக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். கோபமாகப் பேசவில்லை. "தம்பி, அது பேய் ரயிலு இல்ல. அதுல எங்க அண்ணன் போனாரு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன்பின் அந்தக் கதையை நான் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

தனுஷ்கோடி என்பது ராமேசுவரம் தீவின் தென்கிழக்கே வால்போல் நீளும் மணல் திட்டு. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் ஏறினால் 'போட் மெயில்' தனுஷ்கோடி வரை கொண்டு விடும். அங்கே கப்பலேறினால் எதிரே தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. இலங்கையில் உறவினர் இருந்த எத்தனையோ குடும்பங்கள் போய்வந்த வழி இது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர் அது, வெறும் மணல்மேடு அல்ல.

1964 டிசம்பர் 17-ஆம் தேதி வாக்கில் அந்தமான் அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு, கடும் புயலாகி 22-ஆம் தேதி இலங்கையின் வட பகுதியைக் கடந்து பாக் நீரிணைக்கு வந்தது. அன்றிரவு 11.55 மணிக்கு 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. கணக்கின்படி 110 பயணிகள், ஐந்து ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் அதிகம் என்பார்கள். தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் விளக்கு அணைந்திருந்ததால் ரயில் நின்றது. ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்துக் காத்திருந்து பார்த்துவிட்டு, மெல்ல வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. நான் பிள்ளைகளுக்கு ஊதிக் காட்டிய விசில், அந்த விசில்தான்.

அடுத்து வந்தது வெறும் அலை அல்ல. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டமே உயர்கிறது. ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது காற்று. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்று தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழமான கடலில் அந்தத் தண்ணீர் அடிவழியே திரும்பிப் போய்விடும். பாக் நீரிணையோ ஆழம் குறைந்த பகுதி. போக வழியில்லாமல் தண்ணீர் குவிந்து மேலேறும். சாப்பாட்டுத் தட்டில் ரசத்தை ஊதினால் ஒரு பக்கம் ஏறுமே, அதுபோல. அன்று ஏழு மீட்டர் உயரத்துக்கு நீர் எழுந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டு மாடி உயரம். மணல் திட்டிலோ ஒதுங்குவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் ஊரையே கைவிட்டது.

நாங்கள் ரயில்வேக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதற்கு அடுத்த பகுதியை. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்தார்கள், பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலில் விழுந்த கர்டர்களையே மீனவர் உதவியுடன் தேடி எடுத்து, 46 நாட்களில் பாலத்தை நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வே, டில்லி மெட்ரோ கட்டியவர் அவரே. பிறகு காற்றின் வேகம் 58 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாகவே சிக்னல் சிவப்பாகும் ஏற்பாடும் அந்தப் பாலத்தில் வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி லிஃப்ட் போல நேர் மேலே ஏறும். தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பி வரவில்லை.

இதேபோன்ற இன்னொன்று நாற்பது ஆண்டு கழித்து இலங்கையில் நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கொழும்பிலிருந்து மாத்தறை போன ரயில் பெரலிய என்ற ஊரருகே முதல் அலையில் நின்றது. ரயில் கனமானது, அசையாது என்று நம்பி ஊர் மக்களும் பெட்டிகளின் மேல் ஏறினார்கள். அடுத்த அலை பெட்டிகளைத் தூக்கி எறிந்தது. ஏறத்தாழ 1,700 பேர் இறந்தார்கள். ரயிலை நிறுத்தச் சொல்ல முயன்றும், தகவல் சேர்வதற்குள் அது நிலையத்தை விட்டுப் போயிருந்தது.

ஆக, இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது தண்ணீர் மட்டுமல்ல, தகவல் வந்து சேராததும்தான். இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். சுனாமிக்குப் பின் இந்தியாவுக்கென்று ஓர் எச்சரிக்கை மையம் தொடங்கியபோது, அதை வைத்த இடம் சென்னையும் அல்ல, விசாகப்பட்டினமும் அல்ல. கடலே இல்லாத நம் ஹைதராபாத். பிரகதி நகரில் இருக்கும் 'இன்காய்ஸ்' என்ற கடல்சார் தகவல் நிறுவனத்தில் 2007 அக்டோபர் முதல் அது இரவும் பகலும் இயங்குகிறது. கடலடியில் நிலநடுக்கம் வந்தால் சில நிமிடங்களில் கணக்கிட்டு, கடலில் மிதக்கும் கருவிகளைப் பார்த்து எச்சரிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை அதைக் காட்ட சங்கம் ஏற்பாடு செய்யலாம். (செயலாளர் கவனிக்க.)

கடலில் தெரியும் நீலநிற ஒளியைப் பற்றியும் பேரன் கேட்டான். அந்தப் புத்தகத்தில் இறந்தவர்களின் விளக்கு என்று போட்டிருந்ததாம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையிலேயே அப்படி மின்னியது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அலை மோதும்போது வெளியிடும் ஒளி அது. விளக்கிச் சொன்னேன். "அப்படின்னா பயமே இல்லையா தாத்தா?" என்று சற்று ஏமாற்றத்தோடு கேட்டான்.

இந்த வருடப் பொங்கல் விழாவில், பிள்ளைகள் வழக்கம்போல என்னைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்டார்கள். நான் அந்த அம்மாளிடம் போய், "அம்மா, நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து, அவர் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கதையைச் சொன்னார். லீவுக்கு வரும்போதெல்லாம் சிலோன் சோப்பும் பிஸ்கட்டும் கொண்டு வருவாராம். ஒருமுறை தங்கைக்கு ரப்பர் செருப்பு வாங்கி வந்து, அது இரண்டும் இடது காலாகவே இருந்ததாம். பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். புயல் இரவுக்கு அவர் வரவேயில்லை. அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் ஆறிவிடும் என்று எல்லோரையும் எழுப்பிக்கொண்டு போனார்கள்.